மின் கித்தாரில் ஒலிப் பின்னூட்டம்

மின் கித்தாரில் ஒலிப் பின்னூட்டம் என்பது, ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலி கித்தாரின் தந்திகளையோ உடலையோ பிக்கப்பையோ அதிரச் செய்து, அவ்வதிர்வு மீண்டும் பெருக்கப்பட்டு அதே ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, முடிவின்றித் தொடரும் நிகழ்வு ஆகும். இசைப்பவர் தந்தியை மீட்டாத போதும் ஊளையாகவோ, கீச்சொலியாகவோ, அடிவயிற்றை அதிரவைக்கும் முழக்கமாகவோ இது கேட்கும். தமிழ்நாட்டு மேடைகளில் "மைக் கூவுகிறது", "விசிலடிக்கிறது" என்று சொல்லப்படுவதும் இதே வகை நிகழ்வே. அங்கு தந்தியின் இடத்தில் ஒலிவாங்கியின் தகடு இருக்கிறது. இந்நிகழ்வைத் தொடக்கத்தில் ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு இயற்பியலாளர் சோரன் லார்சனின் (1871–1957) பெயரால் இது லார்சன் விளைவு என்றும் அழைக்கப்படுகிறது.

மின் கித்தாரிலிருந்து எழும் வேண்டாத ஒலிகள் அனைத்தும் பின்னூட்டம் அல்ல. மின்வழங்கலிலிருந்து வரும் உறுமலைப் பின்னூட்டம் என்று எண்ணி எர்த் இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்தானது. எனவே ஒலியை நிறுத்த முயல்வதற்கு முன் அது எவ்வகை ஒலி என அறிவது முதன்மையானது.

செயல்படும் விதம்

மின் கித்தாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் முறை மெல்லிய செப்புக்கம்பி சுற்றப்பட்ட சுருள் ஆகும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இதைப் பெருக்கி (வழக்கில் ஆம்ப்ளிஃபையர்) பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒலிபெருக்கி எழுப்பும் காற்றழுத்த மாற்றம் அறையில் பரவி, அதன் ஒரு பகுதி கித்தாரை வந்தடைகிறது. தந்தி, பிக்கப், பெருக்கி, ஒலிபெருக்கி, காற்று, மீண்டும் தந்தி என்று ஒரு வளையம் இவ்வாறு உருவாகிறது.

இந்த வளையம் தானே ஒலிக்கத் தொடங்க இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று, ஒரு சுற்று முடிந்து திரும்பும் அதிர்வு, புறப்பட்ட அதிர்வுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். மற்றொன்று, அது புறப்பட்ட அதிர்வுடன் ஒரே கட்டத்தில் வந்து சேர வேண்டும்; ஊஞ்சலை ஆட்டுபவர் அது திரும்பும் சரியான கணத்தில் தள்ளுவது போல. மின்னலையியற்றிச் சுற்றுகளுக்கு ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் வகுத்த நிபந்தனைகள் இவையே. வேறுவகையில் சொன்னால், பின்னூட்டத்தில் மாட்டிய கித்தார் ஓர் அலையியற்றி.

ஒலிவாங்கியில் இந்த வளர்ச்சி மிக விரைவானது. ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருந்தால் ஒலி அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ நூற்றில் ஒரு நொடி ஆகும். ஒரு சுற்றுக்கு ஒரு டெசிபெல் மட்டுமே கூடினாலும் ஒரு நொடிக்குள் நூறு டெசிபெல் கூடிவிடும். நடைமுறையில் அதற்குள் பெருக்கி தன் எல்லையை எட்டிவிடுகிறது. கித்தார் தந்தியோ தன் அதிர்வாற்றலைச் சேர்த்துவைக்கும் பொருள். ஆகவே தந்திவழிப் பின்னூட்டம் மெல்ல எழுந்து, மலர்ந்து, நிலைபெறும். இந்த வேற்றுமை பின்னர் பிழை கண்டறியும்போது பயன்படும்.

கட்ட நிபந்தனையினால்தான் ஓரடி நகர்ந்தாலே பின்னூட்டத்தின் சுரம் மாறுகிறது. ஐந்தாம் தந்தியின் இயல்பான அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். சென்னையின் கோடை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் என்று கொண்டால், இந்த அதிர்வின் அலைநீளம் சுமார் 3.2 மீட்டர். அதே தந்தியின் நான்காம் இசையன் 440 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 80 சென்டிமீட்டர் மட்டுமே. எனவே 40 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தால் அந்த இசையன் எதிர்க்கட்டத்தில் வந்து அடங்கிவிடும். அதற்குள் வேறோர் இசையன் தலைதூக்கும். டேவிட் போவியின் "ஹீரோஸ்" (1977) பாடலின் ஒலிப்பதிவில் கித்தார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலிபெருக்கியிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று தரையில் குறியிட்டுக்கொண்டு வாசித்ததாகத் தயாரிப்பாளர் டோனி விஸ்கொண்டி கூறியுள்ளார்.

சிதைவொலிப் பெட்டிகள் (டிஸ்டார்ஷன், ஃபஸ் போன்றவை) பின்னூட்டத்தை எளிதாக்குவதற்குக் காரணம், அவை ஒலியைச் சிதைப்பது மட்டுமன்று. அவை உரத்த ஒலியின் உச்சியை வெட்டி, மெல்லிய ஒலியைப் பன்மடங்கு உயர்த்துகின்றன. மீட்டும்போது கேட்கும் உரப்பில் பெரிய மாற்றம் தெரியாது; ஆனால் மீட்டாமல் இருக்கும்போது வளையத்தின் பெருக்கம் மிக அதிகமாக இருக்கும். வாசிப்பு நின்ற மறுகணமே ஊளை தொடங்குவது இதனால்தான்.

கித்தார் உடலும் பின்னூட்டமும்

மின் கித்தாரின் வடிவமே பின்னூட்டத்துடனான போராட்டத்தில் உருவானது என்று சொல்வது பெரிதும் மிகையாகாது. 1930-களில் ஜாஸ் குழுக்களில் இடம்பெற்ற கிப்சன் இஎஸ்-150 போன்றவை, வெற்று உடலுடைய சாதாரணக் கித்தாரில் பிக்கப் பொருத்தியவையே. மேற்பலகை ஒலியை வெளியிடுவதற்காகவே மெல்லியதாகச் செய்யப்பட்டது. வெளியிடத் தெரிந்த பலகை வாங்கவும் செய்யும். உரப்பைக் கூட்டியதும் உடல் முழுவதும் முழங்கத் தொடங்கியது. லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் திண்மரக்கட்டை ஒன்றில் தந்திகளையும் பிக்கப்பையும் பொருத்திச் சோதித்தார். லியோ ஃபெண்டரின் திண்மவுடல் கித்தார் 1950-இலும், கிப்சனின் லெஸ் பால் 1952-இலும் சந்தைக்கு வந்தன. 1958-இல் வந்த இஎஸ்-335 ஒரு நடுவழி: பக்கங்கள் வெற்றாகவும் நடுவில் திண்மக்கட்டையுமாக அது அமைந்தது. அவ்வகைக் கித்தாரின் துளைகளில் துணி அடைத்து வாசித்துவந்த பி. பி. கிங்குக்காக, 1980-இல் துளைகளே இல்லாத "லூசில்" வகையைக் கிப்சன் வெளியிட்டது.

கருநாடக இசையிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கையாண்டது திண்மவுடல் மின் மாண்டலின் ஆகும். மரபான மாண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக இருக்கும். ஒலி விரைவில் தேய்ந்துவிடும். ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வாசித்தார். கமகத்துக்குத் தேவையான நீடித்த நாதம் பெருக்கி வழியே கிடைத்தது. திண்மவுடல் ஆதலால் மிருதங்கம், கடம், வயலின் ஆகியவற்றுக்கான ஒலிவாங்கிகளும் திருப்பொலிப் பெட்டிகளும் நிறைந்த மேடையிலும் அதைப் போதிய உரப்பில் வைக்க முடிந்தது. மின் கித்தாரில் கருநாடக இசை வாசித்த சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோருக்கும் இதே வசதி இருந்தது. இதற்கு மாறாக, வீணையில் காண்டாக்ட் மைக் ஒட்டினால் அது பழைய வெற்றுடல் கித்தாரின் நிலையை அடைகிறது. குடத்தின் மேற்பலகை ஒரு செவிப்பறை போல் அருகிலுள்ள திருப்பொலிப் பெட்டியின் ஒலியை வாங்கும். கீழ்த்தாயியில் முழக்கம் எழும்.

பிழை கண்டறிதல்

மென்பொருளில் பிழை தேடுவது போலவே இங்கும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே சமயத்தில் கித்தாரைத் திருப்பி, கைப்பிடிகளைக் குறைத்து, கம்பிவடத்தையும் மாற்றினால் ஒலி நிற்கலாம். எது நிறுத்தியது என்பது தெரியாது, அடுத்த பாட்டிலேயே அது திரும்பும்.

முதல் சோதனை, கித்தாரின் உரப்புக் கைப்பிடியை முழுவதும் குறைப்பது. ஒலி தொடர்ந்தால் கித்தார் வளையத்தில் இல்லை. பெருக்கி, விளைவுப் பெட்டிகள், கம்பிவடங்கள் அல்லது பாடகரின் ஒலிவாங்கி ஆகியவற்றில் காரணத்தைத் தேட வேண்டும். மெல்லிசைக் குழுக்களில் "கித்தார் கூவுகிறது" என்று குறை கூறப்படும் நேரங்களில் உண்மையில் கூவுவது அருகிலுள்ள ஒலிவாங்கியாக இருப்பதும் உண்டு. கலவைப் பலகையில் ஒவ்வோர் ஒலிவாங்கியாக மூடிப் பார்த்தால் இது வெளிப்படும்.

கைப்பிடியைக் குறைத்ததும் ஒலி நின்றால், அதை மீண்டும் உயர்த்தி, ஆறு தந்திகளையும் உள்ளங்கையால் அழுத்தி அடக்க வேண்டும். இப்போது ஒலி நின்றால் அது தந்திவழிப் பின்னூட்டம். மெல்ல எழுவதும், ஏதாவதொரு தந்தியின் சுரத்திலோ அதன் இசையனிலோ அமைவதும், நகர்ந்தால் சுரம் மாறுவதும் இதன் அடையாளங்கள். தந்திகளை அடக்கிய பின்னும் காதைத் துளைக்கும் கீச்சொலி நீடித்தால், அது பெரும்பாலும் பிக்கப்பின் நுண்ணொலிமை. அதாவது பிக்கப் ஓர் ஒலிவாங்கியைப் போல் நடந்துகொள்கிறது. இது எடுத்த எடுப்பிலேயே உச்சத்தை எட்டும். தந்திகளை அடக்கிய பின்னும் தாழ்ந்த முழக்கம் நீடித்து, வெற்றுடலின் மேற்பலகையை முன்கையால் அழுத்தும்போது தணிந்தால் காரணம் உடலின் ஒத்ததிர்வு.

கித்தார் நிற்கும் திசைக்கேற்ப "உம்ம்" என்று கூடிக் குறைந்து, தொலைவு மாறினாலும் சுரம் மாறாத ஒலி பின்னூட்டமே அன்று. அது மின்வழங்கல் உறுமல். இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமல் 50, 100 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்களில் அமையும். இவை ஏறத்தாழ ஜி சுரத்துக்கு (49, 98 ஹெர்ட்ஸ்) அருகில் உள்ளன. அமெரிக்காவில் மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸ் ஆதலால் அங்கு எழுதப்படும் கையேடுகள் 60, 120 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிடும். அந்த எண்களை நம்பி இங்கு சமன்செய் பெட்டியைத் திருகுவதில் பயனில்லை. ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டையை மீட்டி, உறுமலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கருவி எதுவும் தேவையில்லாத சோதனையாகும்.

தந்திவழிப் பின்னூட்டத்தைக் குறைத்தல்

எளிய வழி இடமாற்றம். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் கித்தாருக்கும் இடையே தொலைவு இருமடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபெல் குறையும். மூடிய அரங்கில் சுவரொலிப்பு சேர்வதால் இந்தப் பயன் குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் கிடைக்காது. ஒலிபெருக்கியின் நேர்முன்னே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பதும், இசைப்பவரின் உடல் இடையில் மறைப்பதும் உயர் அதிர்வெண்களைக் குறைக்கும். தாழ்ந்த அதிர்வெண்கள் உடலைச் சுற்றி வளைந்து வந்துவிடும்.

அடுத்தது, தேவைக்கு மேற்பட்ட பெருக்கத்தைக் குறைப்பது. வீட்டில் தாழ்ந்த உரப்பில் பயிலும்போது இனிமையாகத் தோன்றிய சிதைவு அளவு மேடை உரப்பில் பெரும்பாலும் மிகையாகவே இருக்கும். வாசிக்காத நேரங்களில் கித்தாரின் கைப்பிடியைக் குறைத்துவைக்கும் பழக்கமும், வாசிக்காத தந்திகளை இரு கைகளாலும் அடக்கும் பழக்கமும் எந்தக் கருவியையும் விட மேலானவை. இரைச்சல் வாயில் எனப்படும் பெட்டி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும். பாடலின் இடைவெளிகளில் இது உதவும். ஒரு சுரம் நீண்டு ஒலிக்கும்போது வாயில் திறந்தே இருக்குமாதலால் அப்போது எழும் பின்னூட்டத்தை இது தடுக்காது.

சமன்செய் பெட்டியில் கூவும் அதிர்வெண்ணை மட்டும் மிகக் குறுகலாக வெட்டுவது ஒலிவாங்கிகளுக்கு நன்கு பயன்படும். மின் கித்தாரில் இதன் பயன் குறைவு. வெட்டிய சுரம் பாட்டுக்கும் வேண்டிய சுரமாக இருக்கும், நகர்ந்ததும் வேறு சுரம் கூவும். வெற்றுடல் கித்தாரிலும் பியெசோ பிக்கப் பொருத்திய சாதாரணக் கித்தாரிலும் நிலைமை வேறு. அவற்றின் உடல் ஒத்ததிர்வு ஒரே இடத்தில் இருப்பதால், பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அந்த ஒரு புள்ளியை வெட்டினாலே போதும். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி இடுவதும், கட்டத்தைப் புரட்டும் விசை இருந்தால் அதை அழுத்திப் பார்ப்பதும் பலன் தரும். மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960-களில் முன்வைத்த, ஒலி முழுவதையும் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் நகர்த்தி வளையத்தைக் குலைக்கும் முறை பேச்சுக்கு ஏற்றது. இசையில் இசையன்களின் விகிதம் கெட்டுச் சுருதி பிசகும்.

காதுக்குள் அணியும் திருப்பொலிக் கருவிகளையும், ஒலிபெருக்கி இல்லாமல் நேரடியாகக் கலவைப் பலகைக்குச் செல்லும் இலக்கமுறைப் பெருக்கிகளையும் பயன்படுத்தும் குழுக்களில் வளையமே அறுந்துவிடுகிறது. இதனால் வேண்டிய பின்னூட்டமும் கிடைக்காமல் போவது சில இசைஞர்களின் குறை.

பிக்கப் நுண்ணொலிமை

சுருளின் சுற்றுகள் தளர்ந்திருந்தாலோ, உலோக மூடி அதிர்ந்தாலோ, காந்தத்தைப் பொறுத்துச் சுருள் அசைந்து மின்னழுத்தம் உண்டாகிறது. மரக்குச்சியாலோ நெகிழிப் பேனாவாலோ பிக்கப்பை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். சிறிதளவு ஒலி எல்லாப் பிக்கப்பிலும் கேட்கும். ஒலிவாங்கியைத் தட்டியது போல் உரத்துக் கேட்டால் குறை உண்டு. எஃகுத் திருப்புளியால் தட்டக் கூடாது. எஃகு காந்தப்புலத்தைக் குலைப்பதால் நல்ல பிக்கப்பும் உரத்தே ஒலித்து ஏமாற்றிவிடும்.

இதற்குத் தீர்வு மெழுகூட்டல். பாரஃபின் மெழுகுடன் சிறிதளவு தேன்மெழுகு கலந்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் உருக்கி, பிக்கப்பை அதில் மூழ்கவைத்தால் மெழுகு சுற்றுகளிடையே புகுந்து இறுகும். காற்றுக் குமிழிகள் வருவது நின்றதும் எடுத்துவிடலாம். மெழுகை நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது. சூடேறிய மெழுகு தீப்பற்றும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரமாக வைத்து, வெப்பமானியுடன் செய்ய வேண்டும். வெப்பம் மிகுந்தால் நெகிழிச் சட்டம் உருகி வளைந்து பிக்கப்பே வீணாகும். பிக்கப்பின் அடியிலுள்ள சுருள்வில் தளர்ந்திருப்பது மட்டுமே காரணம் எனில், ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றே போதுமானது. முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

கித்தாரின் உட்குழிவில் செப்புத்தகடு ஒட்டிக் காப்பிடுவது மின்னிரைச்சலைக் குறைக்கும். ஒலிப் பின்னூட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குகின்றனர்.

பெருக்கியிலும் பெட்டிகளிலும் எழும் கூவல்

வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளில் (வால்வு ஆம்ப்ளிஃபையர்) குழாயின் உள்ளே உள்ள மின்வாய்கள் தளர்ந்தால் குழாயே ஒலிவாங்கியாகிவிடும். கித்தாரைக் கழற்றிய பின்னும் கீச்சொலி நீடிப்பது இதன் குறி. கிடைக்கும் குழாய்களில் நல்லது ஒன்றை முதற்படிக் குழாயின் இடத்தில் மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பெருக்கியை ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைப்பதைத் தவிர்த்தாலும் குறையும். இத்தகைய பெருக்கிகளின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்சாரத்தை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அடிப்பகுதியைப் பயிற்சி இல்லாதோர் திறக்கக் கூடாது.

அதிகப் பெருக்கமுடைய பெட்டிகள் பலவற்றை வரிசையாக இணைக்கும்போது, கடைசிப் பெட்டியின் வெளியீட்டுக் கம்பி முதல் பெட்டியின் உள்ளீட்டுக் கம்பிக்கு அருகில் கிடந்தால் காற்றில் ஒலியே இன்றி மின்வழியாகவே கூவல் எழும். ஒலிபெருக்கியின் உரப்பைக் குறைத்தாலும் அதன் சுரம் மாறாமல் இருப்பது அடையாளம். கம்பிகளைப் பிரித்து வைத்தாலே தீரும்.

அரங்கும் மேடையும்

திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊரான ஆரணி போன்ற சிற்றூர்களில் மின் கித்தார் பெரும்பாலும் கேட்பது திருமண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிகளில்தான். திருமண மண்டபத்தின் வழவழப்பான கல் தளமும் வண்ணம் பூசிய சுவரும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. மீதி முழுவதும் திரும்புகிறது. மேடையின் பின்னே தொங்கும் அலங்காரத் துணி ஒலியை அடக்கும் என்ற நம்பிக்கை தவறானது. மெல்லிய துணி, அது பட்டே ஆயினும், சுவரை ஒட்டி விரித்துத் தொங்கினால் ஒலி அதனூடே சென்று சுவரில் பட்டுத் திரும்பிவிடும். கனமான திரை, நிறைய மடிப்புகளுடன், சுவரிலிருந்து சிறிது விலகித் தொங்கினால் நடு, உயர் அதிர்வெண்கள் குறையும். தாழ்ந்த முழக்கத்துக்கு அதுவும் போதாது.

நன்கு உறிஞ்சுவது கூட்டமே. வெற்று மண்டபத்தில் மாலை நான்கு மணிக்குக் கூவிய அமைப்பு, பட்டுச்சேலையும் வேட்டியுமாக இருக்கைகள் நிறைந்த பின் ஏழு மணிக்கு அடங்கிவிடுவதுண்டு. சாப்பாட்டுப் பந்தி போட்டதும் கூட்டம் கலைந்து மீண்டும் கூவத் தொடங்குவதும் உண்டு. எனவே வெற்று அரங்கில் கூவாத அளவை எல்லையாகக் கொள்வதே பாதுகாப்பானது.

இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் பலகை அடித்த தற்காலிக மேடை, உள்ளே வெற்றிடம் கொண்ட பெரிய பெட்டிக்கு ஒப்பானது. அதன்மேல் நேரடியாக வைத்த ஒலிபெருக்கி பலகையை அதிரச் செய்யும். அதிர்வு ஒலிவாங்கித் தாங்கிகள் வழியாகவும், நாற்காலியில் அமர்ந்து வாசிப்பவரின் உடல் வழியாகவும் ஏறும். தடித்த ரப்பர் விரிப்போ தேங்காய்நார் மெத்தையோ ஒலிபெருக்கியின் கீழ் இடுவது செலவில்லாத தீர்வு.

உறுமலும் எர்த் இணைப்பும்

ஒற்றைச் சுருள் பிக்கப் காந்தப்புலத்தை உணரும் கருவியாதலால் மின்மாற்றி, மோட்டார், பழைய குழல்விளக்கின் சோக் ஆகியவற்றின் புலத்தையும் உணர்கிறது. கைத்தறியோடு விசைத்தறியும் ஓடும் ஊர்களில் ஒரே மின்தடத்தில் பல மோட்டார்கள் இயங்குவதால் இவ்விரைச்சல் கூடுதலாக இருக்கக்கூடும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் உருவாக்கிய ஹம்பக்கர், எதிரெதிராக இணைக்கப்பட்ட இரு சுருள்களால் உறுமலை நீக்குகிறது. இவ்வகை பிக்கப் இல்லாதவர் மின்மாற்றியிலிருந்து விலகி, திசை திரும்பி நிற்பதே வழி. தந்தியைத் தொட்டதும் உறுமல் குறைவது குறையன்று; இசைப்பவரின் உடல் வாங்கும் இரைச்சல் எர்த் வழியே வடிந்துவிடுவதன் அறிகுறி.

இரு கருவிகள் வெவ்வேறு பிளக்குகளிலிருந்து மின்சாரம் பெற்று, ஒலிக்கம்பியாலும் இணைக்கப்பட்டிருந்தால் எர்த் வளையம் உருவாகி உறுமும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டினாலோ, இருமுள் மாற்றியைப் போட்டாலோ அந்த உறுமல் உடனே நின்றுவிடும். அதனால்தான் இது பரவலான பழக்கமாக உள்ளது. கித்தாரின் தந்திகள் பாலத்தின் வழியே பெருக்கியின் உலோக உடலோடு இணைந்தவை. பெருக்கியில் மின்கசிவு ஏற்பட்டு எர்த்தும் இல்லாவிட்டால், தந்தியே மின்கம்பியாகிவிடும். இசைப்பவரின் விரல்கள் தந்தியில் இருக்க, உதடு எர்த் செய்யப்பட்ட ஒலிவாங்கியைத் தொடும்போது 230 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் மார்பின் குறுக்கே பாயும். எர்த் இல்லாதது ஒலிவாங்கியாக இருந்தாலும் விளைவு ஒன்றே. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்சின் சுவான்சி நகர மேடையில், எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976-இல் தம் வீட்டில், முறையாக எர்த் செய்யப்படாத கித்தாரை வாசித்தபோது இறந்தார்.

தமிழ்நாட்டின் திறந்தவெளி மேடைகளில் இடர் கூடுதல். பந்தலுக்கு இழுக்கும் தற்காலிக இணைப்பில் எர்த் கம்பியே இல்லாமல் ஃபேசும் நியூட்ரலும் மட்டும் வருவதுண்டு; பிளக்கில் மூன்று முள் இருப்பது எர்த் இருப்பதற்குச் சான்றன்று. மழையில் நனைந்த தரையும் வெறுங்காலும் சேர்ந்தால் உடலின் தடை வெகுவாகக் குறையும். ஒலிபெருக்கிகள் ஒரு ஃபேசிலும் மேடைக் கருவிகள் மற்றொரு ஃபேசிலும் இருந்தால் இரு ஃபேசுகளுக்கிடையே அழுத்தம் ஏறத்தாழ 400 வோல்ட்.

எனவே ஒலியமைப்பு, கித்தார்ப் பெருக்கி இரண்டும் ஒரே விநியோகப் பலகையிலிருந்து, ஒரே எர்த்துடன் மின்சாரம் பெற வேண்டும். உறுமலை நீக்க வேண்டுமாயின் மின்கம்பியின் எர்த்தை விடுத்து, ஒலிக்கம்பியில் தனிமைப்படுத்தும் மின்மாற்றியோ டிஐ பெட்டியோ இட்டு வளையத்தை அறுக்க வேண்டும். விநியோகப் பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் பொருத்துவது உயிர்காக்கும். பாடத் தொடங்குமுன், மாறுமின்னழுத்த நிலையில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை ஒலிவாங்கியின் வலையிலும் வைத்துப் பார்க்கலாம். அளவீடு சில வோல்ட்டுக்கு மேல் இருந்தால் காரணம் காணும்வரை இரண்டையும் ஒருவரே தொடக் கூடாது. ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இடுவது கூடுதல் காப்பு மட்டுமே. எர்த்துக்கு அது மாற்றாகாது.

இசையில் பயன்பாடு

பின்னூட்டத்தை விரும்பிப் பயன்படுத்திய இசைஞர் பலர். பீட்டில்ஸ் குழுவின் "ஐ ஃபீல் ஃபைன்" (1964) ஒலித்தட்டு, மீட்டிய சுரம் பின்னூட்டமாக வீங்கி எழுவதுடன் தொடங்குகிறது. த ஹூ குழுவின் பீட் டவுன்செண்டும், ஜிமி ஹெண்ட்ரிக்சும் இதை மேடைக் கலையாக வளர்த்தனர். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த அமெரிக்க நாட்டுப்பண்ணில் பின்னூட்டம் முதன்மையான கூறு ஆகும். ஸ்டீவ் ரைக்கின் "பெண்டுலம் மியூசிக்" (1968) படைப்பில் கித்தாரே இல்லை: ஒலிபெருக்கிகளின் மேல் ஊசலாக ஆடவிடப்பட்ட ஒலிவாங்கிகள் கடக்கும்போதெல்லாம் கூவுகின்றன, ஊசல்கள் ஓயும்போது கூவல் தொடரொலியாகிறது, கம்பிகளைப் பிடுங்கியதும் முடிகிறது. ஒலிபெருக்கி இல்லாமலே தந்தியை இடையறாது அதிரவைக்கும் ஈபோ என்னும் கைக்கருவி 1976-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளால் தந்தியின் அதிர்வை உணர்ந்து, மற்றொரு சுருளால் அதைத் தள்ளும் இக்கருவி, பின்னூட்ட வளையத்தை உள்ளங்கைக்குள் அடக்கியதாகும். வயலின் வில் இழுத்தது போன்ற நாதம் அதிலிருந்து எழும்.